கருகியது கிளட்ச், வெட்டுவது டிரைவர் கூலியையா?

தஞ்சாவூரில் மலை ஏது, மேடில்லாத ஊரில் கிளட்ச் எப்படிக் கருகும், எல்லாம் டிரைவரின் கால் கோளாறுதான் என்கிறார்கள் லாரி முதலாளிமார். சொன்ன கையோடு கூலியிலும் பிடித்துவிடுகிறார்கள்! கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். கிளட்ச் செய்யும் வேலை இன்னதென்று அறிந்தவர் யாரும் இதை ஏற்கமாட்டார்.

எஞ்சினோடு ஓயாமல் சுற்றுவது பிளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் பலத்தால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலிலிருந்து காலை எடுக்கும்போது, இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை வழுக்கல் உண்டு. அந்த வழுக்கலில்தான் சூடு பிறக்கிறது. அரிசி ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெல்ட் வழுக்கும்போது எழும் கருகல் வாடை அவர்களுக்குப் பழக்கமானதே.

ஆக, நிற்கும் லாரியை நகர்த்தும்போதுதான் பிளேட் தேய்கிறது. டெல்டாவில் லாரியின் பிழைப்போ நின்று நகர்வதுதான்! நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மண் பாதை. சேற்றில் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். கிடங்கு வாசலில் வரிசை. முழு லோடுடன் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக இரவு கழியும். வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றத்தில் முன் வண்டி நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மேல் அதிக லோடு வேறு. இரண்டு அச்சு லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்ந்து 16.2 டன் என்றிருந்த வரம்பை 2018-ல் மத்திய அரசு 18.5 டன்னாக உயர்த்தியது. அதுவும் போதவில்லை சிலருக்கு! 40 கிலோ மூட்டை 50 கூடுதலாக ஏறினால் 2 டன். அந்த 2 டன்னுக்கான வாடகை யார் பைக்குப் போகிறது? கருகிய பிளேட்டின் விலை மட்டும் யார் கூலியிலிருந்து வருகிறது?

பெடலில் கால் வைத்தபடியே ஓட்டும் கெட்ட பழக்கம் சில டிரைவர்களுக்கு உண்டு; மறைக்கவில்லை. ஆனால் கழற்றிய பாகங்களைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது என்ன நீதி? பிளேட் எண்ணெயில் நனைந்திருந்தால், கிராங்க் பின்சீலோ கியர்பாக்ஸ் முன்சீலோ ஒழுகுகிறது. அது பராமரிப்புக் குறை.

புதுச் செட் போடும்போதாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? பழைய பிளேட்டுக்கு மலிவு லைனிங், தளர்ந்த அதே பிரஷர் பிளேட், பிளைவீலுக்கு எமரித்தாள் தேய்ப்பு! ஆறு மாதம் கழித்து மறுபடி கருகினால் மறுபடி டிரைவர் தலையில்! கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது பெரிய வேலை. இறக்கிய அன்றே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றி, பைலட் பேரிங்கையும் சீல்களையும் பார்த்துவிடுவதே சிக்கனம். பிளேட்டின் விட்டமும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

பிளைவீலில் நீலத் திட்டும் மேலோட்டமான கீறலும் இருந்தால் கிரைண்டிங்கில் போய்விடும். ஆனால் கம்பெனி குறித்த கனத்துக்குக் கீழே கடையக்கூடாது. விளிம்பில் படி உள்ள பிளைவீலானால் படியையும் அதே அளவு கடைய வேண்டும். தவறினால் அழுத்தம் குறைந்து புதுப் பிளேட்டும் வழுக்கும். கீறல் ஆழமாக ஓடி விளிம்பையோ போல்ட் துளையையோ தொட்டுவிட்டால் புதிது வாங்கத்தான் வேண்டும். சுழலும் வேகத்தில் வார்ப்பிரும்பு சிதறினால், சிதறுவது முதலாளியின் வீட்டுத் திண்ணையில் அல்ல, டிரைவரின் காலடியில்!

கனத்த ஸ்பிரிங் போட்டு அதிக லோடை இழுக்க வைப்பது இன்னொரு தந்திரம். வழுக்கல் நிற்கும், பெடலோ கல்லாகும். வரிசையில் இருநூறு தடவை மிதிப்பவரின் முழங்கால் என்னாவது? பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிப்பதானால், தொழிலாளியின் அலட்சியமே நேர்க்காரணமாக இருக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே இப்படிக் கூறியது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த நிபந்தனைகள் உள்ளன.

ஆகவே, கிளட்ச் இறக்கும்போது டிரைவர் அருகில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு முடியும்வரை கழற்றிய பாகங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது. லோடு சீட்டின் நகல் டிரைவர் கையில் இருக்க வேண்டும். சீட்டில் குறைத்து எழுதியிருந்தால் சுமை தூக்கும் தோழர்கள் சாட்சி சொல்ல முன்வர வேண்டும். ஒவ்வொரு மூட்டையையும் எண்ணி ஏற்றியவர்கள் அவர்கள்தானே.