மருதமலை அடிவாரத்தோடு நிற்கக் கூடாது: மாணவர் நலப் பணிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

பாரதியார் பல்கலைக்கழகம் என்றதும் மருதமலை அடிவாரத்து வளாகம்தான் கண்முன் வரும். 1982இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே ஒருநாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களில் இணைப்புப் பெற்ற நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில்தான் அவர்கள் படிக்கிறார்கள். சான்றிதழில் இருப்பது ஒரே முத்திரை. ஆனால் வளாகத்தின் நூலகமும் விடுதியும் மருத்துவ மையமும் கூடலூரில் படிக்கும் பணியர் இனப் பெண்ணுக்கும், 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வால்பாறையில் படிக்கும் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் எட்டுவதில்லை.

முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு கேட்பது இதுதான். ஆய்வகமும் நூலகமும் இருக்கிறதா என்று பார்த்து இணைப்பு தருவதைப் போல, பயிற்சி பெற்ற முழுநேர மனநல ஆலோசகரும் மாணவர் உதவி அறையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பைப் புதுப்பிக்கக் கூடாது.

இது எங்கள் கற்பனை அல்ல. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. நடைமுறையில் பல கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு ஏதாவது ஒரு துறை ஆசிரியரின் தலையில் விழுகிறது. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடமே போய், “ராத்திரி தூக்கமே வரலைங்க சார்” என்று எந்தப் பையன் சொல்வான்?

மருதமலைக் காட்டிலிருந்து வளாகத்துக்குள் யானை இறங்கினால் விடுதிப் பிள்ளைகளை எச்சரிக்கிறார்கள், நல்லது. பிள்ளைகளின் மனத்துக்குத்தான் அந்தக் கவனிப்பு இல்லை. ஒரு மாணவன் பத்து நாள் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு எஸ்எம்எஸ் போகிறது. ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டால் பதில் பெரும்பாலும் வேலையாகத்தான் இருக்கும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களில் இலை போட்டுப் பரிமாறும் கேட்டரிங் பையன்களைப் பாருங்கள், பலர் கல்லூரி மாணவர்கள். திருப்பூரில் ராத்திரி ஷிஃப்டில் பனியன் மடித்துவிட்டுக் காலையில் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ள கண்டோனேஷன் கட்டணம். கட்டணம் கட்டுவதற்காக வேலைக்குப் போனவனிடம், வேலைக்குப் போனதற்காக இன்னொரு கட்டணம். வேலை செய்து படிப்பவர்களுக்கு இதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். மாலையில் பாடத்தை ஈடுகட்ட வகுப்பும் வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகின்றன. பல வீடுகளில் பஸ்ஸும் புத்தகமும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் இளநிலையோடு அது நின்றுவிடுகிறது. மருதமலை வளாகத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களும். வீட்டில் “இனிப் போதும், வேலைக்குப் போ” என்று சொல்லும் அந்த வயதில்தான் கை கொடுக்க வேண்டும். முதுநிலைக்கும் இத்திட்டங்களை நீட்டிக்கக் கோருகிறோம்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 விழுக்காடு இடம் தந்துவிட்டது. மாடிக்குப் போக சாய்தளமோ லிஃப்டோ இல்லாத கட்டடத்தில் அந்த இடம் காகிதத்தோடு சரி.

ஆலோசகரை நியமிக்கச் செலவு தாங்காது என்று சுயநிதிக் கல்லூரிகள் சொல்லும். நுழைவாயில் வளைவுக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் தாங்கிய செலவு ஓர் ஆலோசகரின் சம்பளத்துக்கு மட்டும் தாங்காமல் போகாது. அரசுக் கல்லூரிகளில் பணியிடம் உருவாக்குவது அரசின் கடமை.

பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபருக்குப் பிறகு நெடுங்காலம் துணைவேந்தர் இல்லாமல் பொறுப்புக் குழுதான் நிர்வாகத்தை நடத்தியது. துணைவேந்தர் நியமன இழுபறியில் யார் சரி என்பது எங்கள் பேச்சு அல்ல. துணைவேந்தர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இணைப்பு விதியில் ஒரு நிபந்தனை சேர்ப்பது பற்றிப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூடிப் பேசலாம். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை மாணவர்கள் மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த அட்மிஷனுக்குப் போகும்போது பிளேஸ்மென்ட் எத்தனை என்று கேட்பதோடு, “கவுன்சலர் எந்த ரூம்ல இருக்கறாருங்க?” என்றும் கேளுங்கள். அறையைக் காட்டச் சொல்லுங்கள்.