கைமணிக்கூடும் இருதய நோயாளரும்

இருதயச் செயலிழப்பு என்னும் பெயரைக் கேட்டோர், இருதயம் நின்றுவிட்டதெனவே அஞ்சுவர். பொருள் அஃதன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்தும் வலு அதற்குக் குறைந்துவிட்டது என்பதே பொருள். அதனால் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குகின்றது. பகலிற் காலில் இறங்கிய நீர், படுத்தபின் குருதியோடு கலந்து மேலேறி மூச்சை முட்டச் செய்கின்றது. நள்ளிரவில் எழுந்திருந்து மூச்சு வாங்குவோர், விடிந்தபின் சாய்மனையிற் கண்ணயர்வர். இவ்வாறு பகலும் இரவும் தம்முள் மயங்கிவிடுகின்றன. அம்மயக்கத்தை நீக்குதலும் சிகிச்சையின் ஒரு பகுதியாதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

உயிர்களுக்கு உள்ளே ஒரு மணிக்கூடு உண்டென்பது புதிய செய்தியன்று. 1729ஆம் ஆண்டிலேயே பிரான்சிய அறிஞர் த மெய்ரான், இருட்டில் வைத்த தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்று வெயிலைக் காணாமலே வேளைக்கு இலை விரித்துக் கூம்புதலைக் கண்டார். அவ்வொழுங்கை நடத்தும் மரபணுக்களை ஆராய்ந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்கர் மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மூளையிலுள்ள தலைமை மணிக்கூட்டைக் காலை வெளிச்சம் திருத்துகின்றது. ஈரலின் மணிக்கூட்டை உணவு வேளை திருத்துகின்றது. இருதயத்தின் உயிரணுக்களுக்கும் தமக்கென ஒன்று உண்டு.

இக்காலத்திற் பலர் கையிற் கட்டும் புதுவகை மணிக்கூடு அசைவை அளக்கின்றது. பச்சை ஒளியைத் தோலிற் பாய்ச்சி நாடியை எண்ணுகின்றது. சுகதேகிகள் தாம் நடந்த அடிகளை எண்ணி மகிழ்தற்கே அதனைப் பெரிதும் அணிகின்றனர். அதற்குரிய இடம் நோயாளரின் மணிக்கட்டென்போம். வைத்தியர் நித்திரையைப் பற்றி வினவினால், "பரவாயில்லை" என்று கூறிவிடுதல் நம்மவர் வழக்கம். அருகிலிருக்கும் மனைவியார் தலையசைத்து மறுப்பார்! இரண்டு கிழமைக் குறிப்பு, அவர் இரவில் எத்தனை முறை எழுந்தார், பகலில் எப்பொழுது நடந்தார் என்பவற்றைக் காட்டிவிடும். அதனைக் கொண்டு எழும் வேளை, வெளிச்சத்தில் இருக்கும் வேளை, நடக்கும் வேளை, இராவுணவு வேளை என்பவற்றை அவரவர்க்கேற்ப வகுக்கலாம். நீர் போக்கும் மாத்திரையை மாலையில் விழுங்கி இரவெல்லாம் எழுந்து திரிபவருக்கு, அதனை முன்னேரத்துக்கு மாற்றலாமா என வைத்தியர் ஆராயவும் அக்குறிப்பு உதவும்.

ஆயினும் கருவி கூறுவதெல்லாம் வேதமன்று. அசையாது விழித்துக் கிடப்பவரையும் உறங்கினாரென அது எழுதக்கூடும். நாடி ஒழுங்கின்றித் துடிப்போரிடத்து எண்ணிக்கையிலும் தவறும். இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு இரவே உகந்ததென்று எழுந்த பேச்சும் நிலைக்கவில்லை. பிரித்தானியாவில் உயர் இரத்த அழுத்தமுடைய 21,104 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட 'ரைம்' என்னும் ஆய்வு, காலையில் விழுங்கினோர்க்கும் மாலையில் விழுங்கினோர்க்கும் இடையே மாரடைப்பு முதலியவற்றில் வேற்றுமை காணவில்லை. மருந்தின் வேளையை நோயாளர் தாமே மாற்றுதல் ஒருபோதுந் தகாது.

இக்கருவியை வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டியதில்லை. ஒரு தராசும் ஒரு கொப்பியும் எவ்வீட்டுக்கும் இயலும். நாடோறும் காலையிற் சலங்கழித்தபின், உணவுக்கு முன், நிறை பார்த்து எழுதுதல் வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோகிராமுக்கு மேல் ஏறின் காத்திராது வைத்தியரை நாடுதல் வேண்டும். வீட்டில் இத்தகைய முதியோரை உடைய மாணவர், அக்கொப்பியை எழுதும் பொறுப்பைத் தாமே ஏற்கலாம்.