டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?

எங்கள் மதுரையில் மாலை நேர கிளினிக் என்றால் வாசல் பலகையில் ‘மாலை 6 முதல் 9 வரை’ என்று எழுதியிருக்கும். அந்த ஆறு மணியை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காலையிலேயே போன் போட்டு டோக்கன் சொல்லி வைத்தவர்கள் ஐந்தரைக்கே வந்து நாற்காலி பிடிப்பார்கள். ஆறேகாலுக்கு ஒருவர் எழுந்து போய், “டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், சிஸ்டர்?” என்று கேட்பார். “கிளம்பிட்டாங்க, வந்துருவாங்க” என்று பதில் வரும். ஏழு மணிக்கும் அதே பதில்தான். ஏழரைக்குக் கார் வந்து நிற்கும்போது பாதிப் பேர் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். அதுவரை இருந்த எரிச்சல் ஒருவர் முகத்திலும் மிச்சம் இருக்காது. நம் உயிரைப் பார்க்கிறவர் அவர். அவரிடம் போய்க் கோபப்பட முடியுமா?

ரயில் முக்கால் மணி தாமதமானால் ஸ்டேஷனில் சத்தம் போடுகிறோம். ரேஷன் கடை திறக்கவில்லை என்றால் புகார் எண்ணைத் தேடுகிறோம். மருத்துவரின் வாசலில் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. மரியாதையும் பயமும் கலந்த இந்த மௌனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த மௌனத்தால் ஒரு காரியம் கெட்டுப்போயிருக்கிறது. நோயாளியின் நேரத்துக்கு விலை இல்லை என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. நேரம் போனால் போகிறது என்றுகூட விட்டுவிடலாம். உடம்பும் அல்லவா கெடுகிறது?

என் மாமியாருக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. பரிசோதனைக்குப் போகும் நாள் எப்படிப் போகும் என்பது சர்க்கரைக்காரர் உள்ள வீடுகளுக்கெல்லாம் தெரியும். முந்தைய இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் காபிகூடக் கிடையாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். லேப்பில் ஆள் வரத் தாமதமானால் அந்தப் பட்டினி ஒன்பது, ஒன்பதரை வரை நீளும். பிறகு டிபன், மாத்திரை. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி குத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து லேப்பில் கூட்டம் இருந்தால் இரண்டு மணி இரண்டே முக்காலாகிவிடும், வருகிற அளவும் மாறிவிடும். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும். “தாயி, இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?” என்று அத்தை நிமிடத்துக்கு ஒருதரம் கேட்பார். எழுந்து போனால் நம்பரைத் தாண்டிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சாப்பிடவும் வர மாட்டார்.

அப்படி ஒரு நாள் எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. கை நடுங்கியது. மனைவி கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பக்கத்திலிருந்த ஒரு அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பேரனுக்காக வைத்திருந்த ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து அவர் வாயில் வைத்தார். பிறகுதான் நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் இப்படித்தான் ஆகும். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்கிற பாடம் இது. அதுவே சர்க்கரை டாக்டரின் வரவேற்பறையில் நடக்கிறது.

ஸ்கேன் சென்டருக்குப் போகும் பெண்களின் பாடு தனி. “தண்ணி நல்லா குடிங்க, யூரின் முட்டுனதும் சொல்லுங்க” என்பார்கள். வயிற்று ஸ்கேன் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும் என்பதால் அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து, முட்டியதும் சொன்னால், “ஸ்கேன் டாக்டர் இன்னும் வரலைக்கா, அடக்கிக்கங்க” என்று பதில் வருகிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருந்த எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அடக்க முடியாமல் கழித்துவிட்டு, அழுதுகொண்டே மறுபடி தண்ணீர் குடித்தாள். இதற்கு நேர்மாறான கஷ்டமும் உண்டு. கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை எந்த மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

ரத்த அழுத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பதும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. மூன்று மணி நேரம் பசியோடும் படபடப்போடும் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிக் கூட்டிப்போய் உடனே பட்டையைச் சுற்றினால், மாத்திரையைக் கூட்டி எழுத வேண்டிய எண் வந்து நிற்கலாம். ஒரே அறையில் இருமுகிறவரும், தட்டம்மைக் குழந்தையும், கர்ப்பிணியும் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு பத்தி எழுதலாம். காசநோயும் தட்டம்மையும் காற்றில் பரவுகிறவை. காத்திருக்கும் நேரம் நீள நீள அந்த ஆபத்தும் நீளும்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ மேலூர்ப் பக்கமிருந்தோ வருகிறவர்கள் கடைசி பஸ்ஸை வைத்துத்தான் எதையும் கணக்குப் போட வேண்டும். ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும் என்று நம்பி வந்தவர், பத்தே காலுக்கு மருந்துச் சீட்டோடு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போவது உண்டு. நோயாளிக்கு ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வந்தவருக்கும் போகும். டாக்டர் ஃபீஸைவிட அந்த இரண்டு கூலி பெரிது. அடுத்த மாதம் ரிவ்யூவுக்கு ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்கும்போது அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். காரணம் இதுதான் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். ஒரு டாக்டர் ஒருவருக்கு ஆறு நிமிடம் என்று நாற்பது பேரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு மணி நேர வேலை. நாற்பது பேரையும் ஆறு மணிக்கே வரச் சொன்னால், டாக்டர் சரியான நேரத்துக்கு வந்தாலும்கூட ஆளுக்குச் சராசரியாக 117 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு மணி நேரம் கூடுகிறது. நாற்பது மணி நேரம் என்பது ஒரு மனிதரின் ஐந்து நாள் வேலை. டாக்டரின் கணக்கில் போனது ஒரு மணி நேரம்தான்.

இதற்குத் தீர்வு தேடி யாரும் புதிதாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. 1952-லேயே ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெல்ச், பெய்லி என்ற இருவர் புறநோயாளிப் பிரிவுகளுக்கான நேர ஒதுக்கீட்டைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். பெய்லி புள்ளியியல் வல்லுநர். தொடங்கும் நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். அதன் பின், ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. முதலில் இரண்டு பேர் இருப்பதால், ஒருவர் வரத் தாமதமானாலும் மருத்துவர் சும்மா இருக்க நேராது. நோயாளிகளும் கூட்டமாகக் கிடக்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசு 1991-ல் வெளியிட்ட நோயாளிகள் சாசனம், புறநோயாளிக்குக் குறிப்பிட்ட நேரம் கொடுக்க வேண்டும், அந்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் அவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நம் கிளினிக்குகளில் டோக்கனில் எண் இருக்கிறது, மணி இல்லை. 32-ஆம் டோக்கன்காரரை ஒன்பது மணிக்கு வரச் சொல்ல எந்தக் கம்ப்யூட்டரும் தேவையில்லை. பேனா போதும்.

மருத்துவர்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. பகலில் அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ வேலை, நடுவில் நர்சிங் ஹோமில் ஆபரேஷன், சாயங்காலம் சொந்த கிளினிக் என்று ஓடுகிறவர்கள் பலர். கிளம்பும் நேரத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினால் எந்த டாக்டரும் கடிகாரத்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. எனக்கு முன்னால் போனவருக்குப் புற்றுநோய் என்று சொல்ல வேண்டியிருந்தால், அந்தக் குடும்பத்தோடு முக்கால் மணி நேரம் பேசுகிற டாக்டருக்காக நான் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பேன். நான் அவசரப்படுத்துவதாக எந்த மருத்துவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரம் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் 2017-ல் வந்த ஆய்வின்படி, பொது மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். வரிசையைக் குறைக்கிறேன் என்று இதிலும் கை வைத்தால் நோயாளிக்கு மிஞ்சப்போவது ஒன்றுமில்லை.

வரிசையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு, நம் ஊரிலேயே செய்து காட்டியும் இருக்கிறார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது போன்றவற்றை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவர் மட்டுமே செய்ய முடிகிற காரியம் மருத்துவரிடம் போகிறது. ஒரு கண்ணுக்கு அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுகிறார்கள். அந்த மருத்துவமனைக்கு உலகப் பெயர் கிடைத்ததற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னொரு வழி. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வாங்குவதற்காக மட்டும் ஓபி சீட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்த முதியவர்கள் வரிசையிலிருந்து விலகினால், பின்னால் நிற்கும் புதிய நோயாளிக்கு அந்த நேரம் கிடைக்கும். தனியார் கிளினிக்குகள் இந்த யோசனையை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ரிப்போர்ட் சரியாக இருந்து மருந்து மாறவில்லை என்றால், அதைச் சொல்ல ஒரு போன் போதுமே. ஃபீஸ் வாங்கிக்கொண்டே சொல்லட்டும்.

நம்மையும் சொல்ல வேண்டும். “ரிப்போர்ட் காட்டத்தான், ஒரு நிமிஷம்” என்று நுழைகிறவர்கள் நாமே. கவுன்சிலரைத் தெரியும், டாக்டரின் மச்சானோடு படித்தேன் என்று போன் போடுகிறவர்களும் நாமே. ஒவ்வொரு சிபாரிசும் யாரோ ஒருவரின் பஸ்ஸைத் தவறவிடுகிறது. டோக்கன் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி வைத்துக்கொள்ள கிளினிக்குக்கும் காரணம் இருக்காது.

மருத்துவர்களிடம் எனக்கு மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. ஆறு மணிக்கு வர முடியாது என்றால் பலகையில் ஏழரை என்றே எழுதிவிடுங்கள். டோக்கனில் எண்ணோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். வர நேரமானால், “டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், எட்டரைக்குத்தான் வருவார், சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் வரலாம், நம்பர் போகாது” என்று வரவேற்பறையில் சத்தமாகச் சொல்ல உங்கள் சிஸ்டர்களுக்கு அனுமதி கொடுங்கள். உண்மையைச் சொன்னால் கூட்டம் கோபப்படுமோ என்ற பயத்தில்தான் அவர்கள் ‘வந்துருவாங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்களும் அடுத்த முறை டோக்கன் கேட்கும்போது, “எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது பேரும் கேட்டால் கிளினிக் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.