வருத்தமும் மடியும்

வருத்தம் என்ற சொல்லை இன்று நாம் மனத்துயருக்கு மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறோம். பழந்தமிழில் அது உழைத்துச் சோர்ந்த உடம்பின் இளைப்பையும் குறித்தது. ஈழத்தமிழர் பேச்சில் இன்றும் வருத்தம் என்றால் நோய். உழைப்பும் களைப்பும் நோயும் துயரும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்திருக்கின்றன. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் இளிவரலுக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. களைத்துப்போனவன் தன்னைக் குறித்தே கூசுவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ களைத்தவனைக் கண்டவுடன் குறளின் மடியின்மை அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

வேலையில் எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு 'பர்ன் அவுட்' என்ற பெயரை 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்ற உளவியலாளர் ஆய்வுலகில் வழங்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது, இது நோயன்று, பணிசார்ந்த ஒரு நிகழ்வு என்று குறித்தது. கவனிக்கத்தக்க வேறுபாடு இது: பழுதைத் தேட வேண்டிய இடம் ஆள் மட்டுமன்று, வேலையும்தான். ஆட்டிசம் உடையவர்களுக்கு நேரும் எரிவு இன்னும் ஆழமானது. டோரா ரேமேக்கரும் உடனாய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அதன் மூன்று கூறுகளைச் சொல்கிறது: நெடுநாள் தீராத களைப்பு, முன்பு கைவந்த திறன்கள் நழுவுதல், ஒலி ஒளி போன்ற தூண்டல்களைத் தாங்கும் ஆற்றல் குறைதல். வாரக்கடைசி ஓய்வில் இது தீர்வதில்லை; மாதக்கணக்கில் நீள்கிறது. 'எல்லாரையும் போல' இருப்பதாக நாள் முழுவதும் வேடம் தாங்குவதற்கு அவர்கள் கொடுக்கும் விலை இதில் பெரும்பங்கு.

காரைக்கால் தன் பிள்ளைகளைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிப் பழகிய ஊர். அவர்களில் ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், ஊருக்கு இரண்டு விளக்கங்கள்தாம் தெரியும். ஒன்று சோம்பல். மற்றொன்று ஏழரைச் சனி. திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் பரிகாரமும் சுலபம். (இரண்டில் சனியே மேல் என்பேன். குறைந்தபட்சம் அது பழியை அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கிக் கிரகத்தின் மேல் வைக்கிறது.) மூன்றாவதாக ஒரு விளக்கம் உண்டு. அதைத் தொழிலாகவே கொண்ட துறை ஆக்குபேஷனல் தெரபி.

இத்துறைக்கு இந்தியாவில் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பள்ளி தொடங்கியவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ வந்தவர். தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று தமிழில் இரண்டு மூன்று பெயர்கள் உலவுகின்றன. பெயரில் தொழில் இருந்தாலும், தொழில் நடக்கும் இடத்துக்கு அது நம் சூழலில் அரிதாகவே வந்து சேர்கிறது. ஆட்டிசம் என்றவுடன் குழந்தை, வண்ணக் கட்டைகள், ஊஞ்சல் என்றுதான் பெற்றோரும் மையங்களும் நினைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு முப்பது வயதாகும், அது வங்கிக் கிளையில் உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்பே நமக்கு வரவில்லை.

அந்தக் கிளையைச் சிகிச்சையாளர் எப்படிப் பார்ப்பார்? முதலில் மனிதரை அன்று, வேலையைப் பிரித்துப் பார்ப்பார். டோக்கன் மணி, துடிக்கும் குழல்விளக்கு, இரைகிற மின்விசிறி, ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளர், இடையில் மேலாளர் வாய்மொழியாகச் சொல்லிப்போகும் நான்கு கட்டளைகள். ஒரு வாரத்துக்கு மணிவாரியாகக் குறிப்பெழுதச் சொல்வார்: எந்த வேலைக்குப் பின் தலை கனத்தது, எது உண்மையில் இளைப்பாற்றியது. கணக்குகளைச் சரிபார்க்கும் கடினமான வேலை அவருக்குக் களைப்பே தரவில்லை, பகலுணவு நேரத்து அரட்டைதான் முறித்துப்போட்டது என்று அதில் தெரியவரலாம். அதன்பின் வருபவை சின்னச் சின்ன மாற்றங்கள்: சுவரோர இருக்கை, எழுத்தில் கட்டளை, மாற்றங்களை முன்கூட்டிச் சொல்லுதல், காதடைப்பான், தனியே உண்ண அனுமதி, விடுப்பிலிருந்து திரும்பும்போது முதலில் அரைநாள் பணி. பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

எனக்கு இதில் ஓர் ஐயமும் உண்டு. பணியிடத்தைத் தொடாமல் ஆளை மட்டும் 'தாங்கும் திறன்' பழக்கி அனுப்பினால், அது சிகிச்சையன்று, மீண்டும் வேடம் கட்டிவிடுவதுதான். அவர் எரிந்துபோனதே வேடத்தால் என்னும்போது இது கொடுமையும்கூட. நிறுவனம் சம்பளம் கொடுக்கும் நலவாழ்வு வகுப்புகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், மின்விசிறியின் இரைச்சல் அதனால் குறைவதில்லை.

சட்டம் நம் மனப்போக்கைவிட முன்னே போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் 21 வகைகளுக்குள் கொண்டது. ஏற்ற வசதிகளைச் செய்துதர அரசு நிறுவனங்களைக் கடமைப்படுத்தியது. ஏ.டி.எச்.டி. தனியாக அப்பட்டியலில் இல்லை என்பது பெரிய ஓட்டை. ஆனால் 40 விழுக்காட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் இவ்வசதிகளைக் கேட்கலாம் என்ற வாதத்தை விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநலக் குறைபாடு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே பாகுபாட்டை முறையிடலாம் என்றது. எரிந்துபோனவரின் தாமதங்களையும் தவறுகளையும் மெமோவாக மட்டுமே அறிந்த அலுவலகங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஆனால் யார் கேட்பது? கேட்பதற்கு முன் தன்னை இன்னார் என்று வெளிப்படுத்த வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் அது பதவி உயர்வோடு நிற்காது, தங்கையின் கல்யாணம்வரை போகும். எனவே பொதுவான சீர்திருத்தங்களையே முதலில் வேண்டுவேன். எழுத்தில் கட்டளையும் அமைதியான ஒரு மூலையும் எல்லா ஊழியருக்கும் கிடைத்தால் யாரும் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜிப்மரின் காரைக்கால் கிளை இங்கே 2016 முதல் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. வேலையில் இருக்கும் பெரியவர்களுக்கென்று மாதம் ஒருநாள் இத்தகைய ஆலோசனையை அங்கே நடத்தலாம். அலுவலகத்துக்கே வந்து பார்க்கும் சிகிச்சையாளர் அமைந்தால் இன்னும் நல்லது.

அதுவரை அரசு ஊழியர்களுக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். நிறைவில்லையென்றால் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். அந்த அலுவலரின் பெயரைத் தங்கள் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.