காலநிலைக் காசுக்கும் கணக்கு வேண்டும்

வளரும் நாடுகளுக்கு 2035 அளவில் ஆண்டுக்கு 30,000 கோடி டொலர் காலநிலை நிதி திரட்டுவதென 2024 பாகு மாநாட்டில் முடிவானது. அதில் ஒரு பகுதி, மேற்கு நாடுகளில் நாங்கள் கட்டும் வரி. அந்தக் காசு எந்த வழியால் போகுது என்பதுதான் என் கேள்வி.

தனித்தனித் திட்டங்களாகப் போகும் பணம், திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். கட்டிய வெள்ளத் தடுப்பைப் பராமரிக்கக் காசும் இருக்காது, ஆளும் இருக்காது.

நேபாளம் 2012இலேயே வரவு செலவுத் திட்டத்தில் காலநிலைச் செலவுக்குத் தனிக் குறியீடு கொண்டுவந்தது. பங்களாதேஷ் நிதியமைச்சு 2017 முதல் தனி அறிக்கையே வெளியிடுகிறது. குறியீடு போட்டால் மட்டும் கரை உயராதுதான். ஆனால் கணக்கு நாடாளுமன்றத்துக்கு வந்தால், "எங்கட ஊருக்கு என்ன வந்தது?" என்று மக்கள் கேட்கலாம்.

நாங்களும் எங்கள் எம்.பி.யிடம் கேட்போம்: கொடுக்கும் காசு அந்தக் கணக்குக்குள் போகிறதா?