கொழுகொம்பு முந்தட்டும்

சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அந்நாட்டு மக்கள் உணவுடன் விரும்பி உண்பவற்றுள் ஒன்று கெர்கின் என்னும் குறுவெள்ளரி. விரலளவுப் பிஞ்சிலேயே பறித்து, காடியிலோ உப்புநீரிலோ ஊறவைத்துப் புட்டியில் அடைக்கப்படுவது அது. அப்புட்டிகளில் கணிசமானவற்றை நிரப்புவது நம் நாட்டு உழவர்களின் உழைப்பு. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறு அளவில் தொடங்கிய இச்சாகுபடி, பின்னர் தமிழ்நாட்டுக்கும் ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளுக்கும் பரவியது. 2020-21ஆம் நிதியாண்டில் வெள்ளரியும் கெர்கினுமாக ஏறத்தாழ 2,23,000 டன் ஏற்றுமதியாயிற்று. அதன் மதிப்பு 22 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். ஏறத்தாழ 65,000 ஏக்கரில், 90,000 சிறு, குறு உழவர்கள் ஒப்பந்த முறையில் இதனைப் பயிரிடுவதாக மத்திய வணிக அமைச்சகம் தெரிவித்துள்ளது.

வெள்ளரி பயிரிடுவோரிடம், அவர் தில்லியில் மாடத் தொட்டி வைத்திருக்கும் அரசு அலுவலரானாலும் திண்டுக்கல் பக்கத்து இரண்டு ஏக்கர் உழவரானாலும், ஒரு பொதுப் பழக்கத்தைக் காண்கிறேன். விதையைப் பற்றி ஆராய்கின்றனர். உரத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கின்றனர். கம்பும் கயிறும் மட்டும் ‘கொடி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடப்படுகின்றன. இவ்வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. விதைக்கு முன்னரோ, பிந்தினால் விதைக்கும் நாளிலோ கொழுகொம்பு மண்ணில் இறங்கிவிட வேண்டும்.

வெள்ளரியின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவுகிறது. மூன்று வாரம் கழித்துக் கம்பு நட்டால், அது அவ்வேர்களை அறுத்துக்கொண்டுதான் இறங்கும். அதற்குள் செடி சில இலைகள் விட்டுப் பற்றுக்கம்பிகளை நீட்டத் தொடங்கியிருக்கும். பற்ற வேறொன்றும் கிடைக்காவிடில் அவை தம் இலைக்காம்பையோ அண்டைச் செடியையோ களையையோ சுற்றிக்கொள்கின்றன. ஒருமுறை சுற்றிய பற்றுக்கம்பி எளிதில் விடாது. பிரித்தெடுத்துக் கயிற்றில் ஏற்ற முயல்வோர் கையில் பெரும்பாலும் ஒடிவது கொடியின் வளரும் நுனியே.

இப்பற்றுக்கம்பி அறிஞர்களையும் நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளின் அசைவுகள் குறித்து விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். 2012இல், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் எல். மகாதேவனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெள்ளரியின் பற்றுக்கம்பியையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை எழுதினர். பற்றுக்கம்பியின் நுனி ஆதாரத்தைப் பிடித்ததும் இடைப்பகுதி சுருளத் தொடங்குகிறது. இரு முனைகளும் கட்டுண்டிருப்பதால் ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுருள்கின்றன. உள்ளிருக்கும் மெல்லிய நார்ப்பட்டை ஒரு பக்கமாகச் சுருங்குவதே இதற்குக் காரணம் என்று அவர்கள் காட்டினர். முற்றிய பற்றுக்கம்பியை இழுத்தால் சுருள் பிரிவதற்கு மாறாக முதலில் இன்னும் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட வியப்பு. மெல்ல இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வலிந்து இழுத்தால் இறுகி எதிர்க்கும். காற்றில் ஆடும் கொடிக்கு இதனினும் நல்ல வில்சுருளை எந்தப் பட்டறையிலும் செய்ய இயலாது.

ஆகவே கொடியை அடிக்கு ஓரிடத்தில் இறுக்கிக் கட்டும் வழக்கம் வீண் வேலை. சுற்றிக்கொள்ளத்தக்க மெல்லிய பொருளை அருகில் வைத்தால் போதும். எஞ்சியதைச் செடி பார்த்துக்கொள்ளும். கைப்பருமனுள்ள மூங்கில் அதற்குப் பயன்படாது. மூங்கில் கயிற்றைத் தாங்க, கயிறு கொடியைத் தாங்க வேண்டும். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். முல்லைக்குப் பற்றுக்கம்பி கிடையாது; அதன் தண்டே சாய்ந்தும் சுற்றியும் ஏறிவிடும். வெள்ளரியாக இருந்திருந்தால் தேரைக் காட்டிலும் குதிரையின் கடிவாளக் கயிறு உதவியிருக்கும்!

தில்லியில் வெள்ளரி விதைக்க ஏற்ற காலம் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை. மழைக்காலப் பயிருக்கு ஜூன் இறுதி, ஜூலை. சாணக்யபுரியின் அரசுக் குடியிருப்புகளில் பின்கட்டில் சிறிது மண்ணுள்ளோர், ஆறேழு அடி மூங்கில்களை இரண்டிரண்டாகக் கூடார வடிவில் சாய்த்துக் கட்டி, மேலே ஒரு குறுக்குக் கம்பு வைத்து, ஒன்றரை அடிக்கு ஒரு கயிறு தொங்கவிடலாம். நிமிர்ந்து நிற்கும் ஒற்றை வரிசை இங்கே ஆகாது. மே, ஜூன் மாதத்துப் புழுதிப் புயலில் இலை செறிந்த பந்தல் பாய்மரமாகிச் சாய்ந்துவிடும். மாடத்தில் வளர்ப்போருக்குச் சாளரக் கம்பியே போதுமானது. தண்டின் அடியில் இரு விரல் நுழையுமளவு தளர்ந்த கண்ணியிட்டு, மூன்று நாளுக்கொருமுறை நுனியைக் கயிற்றைச் சுற்றி விடுக. இதனைப் பிற்பகலில் செய்தல் நன்று. காலையில் நீர் ஏறி விறைத்திருக்கும் தண்டு சட்டென முறியும். அடியிலிருந்து ஒன்றரை அடி வரை தோன்றும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். தில்லிக் கடைகளில் ‘சுத்லி’ என்று கேட்டால் தரும் சணல் கயிறு, அறுவடைக்குப் பின் கொடியோடு சேர்த்து எருக்குழியில் போட ஏற்றது. ஆனால் தொடர்மழையில் இற்றுப்போகும். மழைக்காலத்தில் இரட்டையாகத் திரித்துக் கட்டுக.

பந்தலே எங்கும் எப்போதும் சிறந்தது என்று வாதிட மாட்டேன். வடநாட்டு ஆற்றுமணலில் கோடை வெள்ளரி பயிரிடுவோர் தலைமுறைகளாகக் கொடியைத் தரையில்தான் படரவிடுகின்றனர். மணலில் குழி பறித்து எருவிட்டு, சுடுமணலின் மேல் வைக்கோலோ உலர்புல்லோ பரப்பி, காற்றைத் தடுக்கப் புல் தடுப்பு எழுப்புவது அவர்கள் முறை. மழையற்ற அப்பருவத்தில் காய் அழுகும் அச்சம் குறைவு. படரும் இலை மண்ணின் ஈரத்தையும் காக்கிறது. அவர்களிடம் போய்ப் பந்தல் போடச் சொல்வது அறியாமை. அதே கொடி மழைக்காலத்தில் தரையில் கிடந்தால், ஈரமண்ணில் பட்ட காய் அழுகுகிறது. இலையின் அடிப்பக்கத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து தெளிக்கவும் வழியிராது.

கெர்கின் உழவருக்கோ இது வருமானத்தின் கேள்வி. சிறிய காய்க்கே உயர்ந்த விலை. ஆகவே நாள்தோறும் பறிக்க வேண்டும். இலைக்கடியில் கண்ணில் படாமல் ஒருநாள் தங்கிவிட்ட காய், மறுநாள் தரம் இறங்கிவிடும். கயிற்றில் ஏறிய கொடியில் காய் கண்முன் தொங்கும், குனியாமல் பறிக்கலாம், வளையாமலும் வளரும். ஆயினும் 90 நாள் பயிரில் கம்பு, கயிற்றுச் செலவு முதற்காய்க்கு வெகு முன்னதாக வந்து நிற்கிறது. கையில் பணமில்லாத உழவர் முதலில் குறைத்துக்கொள்வதும் அதனைத்தான்.

இங்கே வங்கிக்கடனின் வேளை முக்கியமாகிறது. கிசான் கடன் அட்டையில் பயிர்க்கடனோடு முதலீட்டுக் கடனுக்கும் இடமுண்டு என்பதைப் பலர் கேட்டறிவதில்லை. ஒரு பருவத்தில் தீரும் கயிற்றைச் சாகுபடிச் செலவிலும், பல ஆண்டு நிற்கும் கல்தூண், கம்பிப் பந்தலை முதலீட்டிலும் பிரித்துக் காட்டி விண்ணப்பிப்பதே முறை. பயிர்வாரிக் கடனளவை வகுக்கும் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழுக்களும், கொடிப் பயிர்களுக்குப் பந்தல் செலவைத் தனியே கணக்கிட வேண்டும் என்பேன். ஆடிப் பட்டத்தில் விதைக்க எண்ணுவோர் வைகாசியிலேயே தம் கிளைக்குச் சென்று பேசிவிடலாம். கூடவே, நிரந்தரப் பந்தலுக்கான மானியம் குறித்துத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளலாம்.