ஐம்பதில் வளையாதாமே!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் வழங்கி வருகிறது. மூங்கிலைப் பற்றிச் சொல்லப்படுவதானால் நமக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் இது மூங்கிலுக்காகச் சொல்லப்படுவதில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த நாற்பது வயதுக்காரன் ஒருவன் இரவில் ஒரு புஸ்தகத்தைக் கையிலெடுத்தால், அதைப் பிடுங்கிப் போடுவதற்காகவே சொல்லப்படுகிறது. எடுத்தவள் பெண்ணாயிருந்து விட்டாலோ கேட்கவே வேண்டியதில்லை. "பேரன் எடுக்கிற வயதில் பரீட்சை எழுதப் போகிறாளாம்" என்று வீட்டிலும் சிரிப்பு, வீதியிலும் சிரிப்பு.

அவள் படிப்பது சட்டமோ கணக்கோ ஆனாலாவது ஒரு சிரிப்போடு விட்டு விடுவார்கள். குடும்பவியல், முதுமையியல் என்று சொல்லிவிட்டாலோ இரண்டாவது சிரிப்பும் கிளம்பி விடுகிறது. "குடும்பம் நடத்தவும் கிழவியைக் குளிப்பாட்டவும் ஒரு பட்டமா?" என்கிறார்கள். இந்த இரண்டு சிரிப்புக்கும் பதில் சொல்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலாவது, வயது வந்தவனுக்குப் படிப்பு ஏறாது என்பதை எடுத்துக் கொள்வோம். லண்டன் நகரத்தில் டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்து பரீட்சை கொடுக்க வேண்டும். இதற்குப் படிக்கிறவர்கள் பாலபாடப் பிள்ளைகள் அல்ல; வளர்ந்த மனிதர்கள். இப்படிப் படித்துக் கொண்டிருந்த 79 பேருடைய மூளையைப் படம் பிடித்து, சில வருஷங்கள் கழித்து மறுபடியும் படம் பிடித்துப் பார்த்து, அங்குள்ள ஆராய்ச்சிக்காரர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். பரீட்சையில் தேறிய 39 பேருக்கு, ஞாபகத்துக்கும் வழி அறிவதற்கும் உரிய மூளைப் பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அப்படி இல்லை. அதாவது, வயது வந்த மூளையும் வேலை கொடுத்தால் வளைகிறது. வளைவது மாத்திரமல்ல, வளரவும் செய்கிறது. இதற்குப் பிறகும் மூங்கில் கதை பேசுகிறவர்கள் தங்கள் தலையில் இருப்பதும் மூங்கில்தான் என்று ஒப்புக் கொள்கிறார்களா என்று கேட்கின்றோம்.

உண்மை என்னவென்றால், இந்தப் பழமொழியால் லாபமடைகிறவர்கள் ஐந்து வயதில் படிக்க வசதி பெற்றவர்களே யாவார்கள். நம்மில் எத்தனை பேருடைய பாட்டன் பாட்டிக்கு ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலாவது உட்கார இடம் கிடைத்தது? "உனக்குப் படிப்பு எதற்கு?" என்று சாதியைச் சொல்லிச் சிலரையும், பெண் என்று சொல்லிச் சிலரையும், கூலிக்குப் போ என்று சொல்லிச் சிலரையும் ஐந்து வயதில் விரட்டி விட்டார்கள். ஐம்பது வயதில் அவர்களே முயன்று வந்து வாசலில் நின்றால், "ஐந்தில் எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறார்கள். திருடினவனே பறிகொடுத்தவனைப் பார்த்து, "பணத்தை ஏன் ஜாக்கிரதையாய் வைக்கவில்லை?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இங்கிலாந்திலும் இதே சிரிப்பு கிளம்பியது. வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்தே பட்டம் பெறும்படியான ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று ஹரால்ட் வில்சன் 1963-ல் சொன்னார். அதை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற மந்திரி ஜென்னி லீ, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். எதிர்க்கட்சியில் முக்கியஸ்தராயிருந்த அயன் மக்ளியட் அதை வெறும் உளறல் என்று தள்ளினார். 1969-ல் திறந்தவெளிச் சர்வகலாசாலைக்குச் சாசனம் கிடைத்தது. 1971-ல் பாடம் ஆரம்பமானது. முன்னால் எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டியதில்லை என்று கதவைத் திறந்ததும் முதல் வருஷத்திலேயே இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். நம் தேசத்தில் 1962-ல் டில்லியிலும், அப்புறம் மதுரையிலும் தபால்வழிக் கல்வி வந்தது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன. ஆகவே கதவு இல்லை என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

நேரம் இல்லையே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வகுத்த திட்டம் சொல்லுகிறது. தபால்வழிப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 3,600 மணி. இதை ஆறு வருஷத்தில் நிதானமாய் முடிப்பதானால் வருஷத்துக்கு 600 மணி. நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணிக்கும் குறைவு. ஜாதகக் கட்டைப் புரட்டவும், ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருக்கவும், கைத்தொலைபேசியில் ஊர்வம்பு பார்க்கவும் நாம் செலவிடுகிற நேரம் இதற்கு மேல் இல்லையா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டி, வேலைக்கும் போய், மாலையில் திரும்பவும் அடுப்புக்கே வருகிற பெண்ணுக்கு இந்த ஒன்றே முக்கால் மணி தானாகக் கிடைக்காது. அவள் புருஷன் பாத்திரம் துலக்கினால்தான் கிடைக்கும். ஆதலால் இந்தக் கணக்கைப் புருஷர்கள் இரண்டு தடவை படிக்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

நிற்க, இரண்டாவது சிரிப்புக்கு வருவோம். கிழவர்களைக் கவனிக்கப் படிப்பு எதற்கு என்கிறார்கள். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியனுடைய சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இன்று அது ஏறக்குறைய 70. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் சுமார் 10 கோடியே 38 லட்சம் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முதியோர். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் கிழவர்களாய் உயிர் வாழ்வது என்பது நம் முன்னோர் காணாத சங்கதி. காணாத சங்கதிக்கு முன்னோர் வழக்கத்தில் மருந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

முதுமையைப் பற்றிய சாஸ்திரத்துக்கு 1903-ல் பெயர் வைத்தவர் மெட்ச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி. முதியோர் வைத்தியத்துக்கு 1909-ல் பெயர் வைத்தவர் நாஷர் என்ற அமெரிக்க வைத்தியர். பெயர் வைத்ததினால் என்ன வந்தது என்பீர்கள். 1935-ல் லண்டனுக்கு அருகில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியரிடம், ஏழைகள் விடுதியில் கிடந்த 714 நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். "இவர்கள் படுக்கையில் கிடந்து சாக வேண்டியவர்கள்" என்பது அதுவரை எல்லோருடைய முடிவு. அந்தம்மாள் ஒவ்வொருவரையும் தனித்தனியாய்ப் பரிசோதித்து, இன்னாருக்கு இன்னது என்று பிரித்து, நடக்கப் பழக்கினார். பலர் எழுந்தார்கள், பலர் வீடு திரும்பினார்கள். அவர்களைப் படுக்கையில் கிடத்தி வைத்திருந்தது தலைவிதியா, அல்லது கவனிக்கிறவர்களுடைய அறியாமையா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி பெற்ற மகனையே "நீ யார்?" என்று கேட்டால் பேய் பிடித்தது என்கிறோம், வேப்பிலை அடிக்கிறோம், பூர்வ ஜென்ம பாவம் என்கிறோம். இப்படிப்பட்ட ஒரு வியாதியை அல்சைமர் என்ற ஜெர்மன் வைத்தியர் 1906-லேயே எடுத்துக் காட்டிவிட்டார். அது மூளையின் நோய். வேப்பிலைக்கு அது கட்டுப்படாது. ஆனால் அப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேச வேண்டும், எதைச் சொன்னால் மிரளுவார், வீட்டில் எந்தச் சாமானை எங்கே வைத்தால் விழாமல் இருப்பார், விழுங்க முடியாதவருக்கு எப்படி உட்கார வைத்து ஊட்ட வேண்டும், படுத்தே கிடப்பவருக்கு எத்தனை நேரத்துக்கொரு முறை புரட்டிப் போட்டால் புண் வராது என்பவைகளெல்லாம் கற்றுக் கொள்ளக் கூடியவை. கற்றவர் கையில் கிழவர் பிழைக்கிறார். கல்லாதவர் அன்பில் கிழவர் அவதிப்படுகிறார்.

தென் மாவட்டங்களில், விருதுநகர்ப் பக்கங்களில், தலைக்கூத்தல் என்ற பெயரால் படுத்த கிழவர்களைப் பெற்ற பிள்ளைகளே அனுப்பி வைக்கிற வழக்கம் 2010-ல் பத்திரிகைகளில் வெளிவந்து நாடே திடுக்கிட்டது. அதைக் கொடுமை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் கொடுமை என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக் கொள்வதும் நியாயமல்ல. கூலிக்குப் போனால்தான் கஞ்சி என்கிற குடும்பத்தில், பகலில் கிழவரைப் பார்க்க ஆளும் இல்லை, அறிவும் இல்லை, உதவியும் இல்லை. குடும்பவியல் என்ற படிப்பு இதைத்தான் ஆராய்கிறது. ஒரு குடும்பத்தின் வருமானம், உழைப்பு, யார் தலையில் எந்தச் சுமை விழுகிறது, சர்க்கார் எங்கே தாங்க வேண்டும் என்பதைக் கணக்கெடுக்கிறது. 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் செய்தார்கள். அது நல்ல காரியமே. சட்டம் பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து பணம் வாங்கித் தரும். பக்குவம் வாங்கித் தராது.

உயிரோடிருக்கையில் கஞ்சி ஊற்ற ஆள் இல்லாத தாய்க்கு, செத்த பிறகு வருஷா வருஷம் பிண்டம் வைத்துத் தக்ஷிணை கொடுக்கிறோமே, அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒரு செமஸ்டர் சம்பளமாகக் கட்டினால் உயிருள்ள ஒருத்திக்காவது நிம்மதி கிடைக்காதா?

மற்ற தேசங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலை 1975-ல் முதுமையியலுக்கென்றே ஒரு பள்ளியை ஏற்படுத்தியது. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள மவுண்ட் செயின்ட் வின்சென்ட் சர்வகலாசாலையில் குடும்பவியலையும் முதுமையியலையும் ஒன்றாகவே சேர்த்துக் கற்பிக்கிறார்கள். நம் தேசத்தில் பரோடாவில் குடும்பவியல் துறை இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர்க்குத் தனிப் பிரிவு வந்தது. கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவைகளெல்லாம் வைத்தியருக்கு இடம் தருகின்றன. வைத்தியர் பார்ப்பது பத்து நிமிஷம்; மீதி நேரமெல்லாம் பார்க்கிற ஆயாவுக்கு என்ன இடம்?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. இருபது வருஷம் நோயாளிகளைப் புரட்டி, குளிப்பாட்டி, மலம் எடுத்து, முகம் பார்த்தே வலி அறிகிற ஆயாவுக்குப் "பயிற்சியற்ற தொழிலாளி" என்று பெயர். இரண்டு நாள் கூட அந்த வேலை செய்தறியாத ஒருவர், காகிதம் ஒன்று கையிலிருப்பதால் அவளுக்கு மேஸ்திரி. உடம்பின் அழுக்கைத் தொடுகிறவனைத் தாழ்ந்தவன் என்று சொல்லி வந்த பழைய புரட்டுதான் இன்று சம்பளப் பட்டியலாக உருமாறி நிற்கிறது. ஆகவே அந்த ஆயா பட்டம் வாங்குவது அலங்காரத்துக்கல்ல. தன் உழைப்புக்கு உரிய விலையையும், தன் சொல்லுக்கு உரிய மதிப்பையும் கேட்டு வாங்குவதற்கேயாகும்.

ஆனால் சர்க்கார் ஒரு கையால் திறந்ததை மறு கையால் சாத்துகிறது. 21 வயது முடிந்தவர், முன் படிப்பு இல்லாவிட்டாலும் நுழைவுப் பரீட்சை தேறிப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று 1985-ல் மானியக் குழு விதி செய்தது. அதை நம்பிப் பலர் படித்தார்கள். 2009-ல் தமிழ்நாடு சர்க்கார், பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையாய்த் தேறாமல் திறந்தவெளியில் வாங்கிய பட்டம் சர்க்கார் வேலைக்குச் செல்லாது என்று உத்தரவு போட்டது. கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்டுவிட்டு, சோறு மாத்திரம் இல்லை என்பது போலல்லவா இது? தரம் வேண்டுமென்பது வாஸ்தவம். தரத்தைப் பரீட்சையில் பாருங்கள். பால்யத்தில் அவன் அப்பனிடம் பணம் இருந்ததா என்பதில் பார்க்காதீர்கள் என்கிறோம்.

இதைப் படிக்கிற தோழர்கள் ஏமாறாமலிருக்கும் பொருட்டு ஒன்று சொல்லுகிறோம். பத்தாவது தேறாதவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை முடித்துக் கொள்ளுங்கள், பின்பு பன்னிரண்டாவது, அதன் பின்பே பட்டம். சேரும் முன்பு, அந்தச் சர்வகலாசாலைக்கும் அந்தப் பாடத்துக்கும் அங்கீகாரம் உண்டா என்று மானியக் குழுவின் பட்டியலில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அதே குழு வெளியிடுகிறது; அதையும் பாருங்கள். "பணம் கட்டினால் போதும், பரீட்சை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்கிறவன் பரிகாரம் விற்கிற ஜோசியனுக்குத் தம்பி.

நாம் கேட்பது அதிகமல்ல. வேலை செய்து கொண்டே படிக்கிறவனுக்குப் பரீட்சை நாட்களில் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ஆயாவின் இருபது வருஷ அனுபவத்தைப் பரிசோதித்து, உரிய கிரெடிட்டாக வரவு வையுங்கள். முதுமையியலைத் தமிழில் கற்பியுங்கள். பாட்டியின் வலி இங்கிலீஷில் முனகுவதில்லை. இந்தப் படிப்பில் ஆண்களையும் சேருங்கள். தாயைக் கவனிப்பது மருமகளின் தலையெழுத்து என்ற கட்டுக்கதை அப்போதுதான் ஒழியும்.

தோழர்களே! முதுமை என்பது எதிர்வீட்டுக்காரனுக்கு மட்டும் வருகிற வியாதியல்ல. இன்று படிக்க உட்காருகிற நாற்பது வயதுக்காரியைப் பார்த்துச் சிரிக்கிறவன், நாளைக்கு எந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போகிறான் என்று நினைத்துப் பார்க்கட்டும். அந்தக் கை அறிந்த கையாக இருக்க வேண்டுமானால், சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்றிரவே அவள் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுக்கட்டும்.